காய்ச்சலோடு வரும் பிள்ளைக்குப் பரிசு வேண்டாம்: பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். ஆண்டு விழா மேடையில் நீங்கள் வழங்கும் பரிசுகளில் ஒன்றை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குத் தரப்படும் வருகைச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். படிப்புக்கும் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் தரும் பரிசுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஒன்று மட்டும், குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில், ஒவ்வொரு ஃபுளூ பருவத்திலும் என்னை உறுத்துகிறது. ஆண்டு முழுவதும் உடம்பு நன்றாக இருந்தது என்றால் அது அந்தப் பிள்ளையின் நல்வாய்ப்பு. அதற்குச் சான்றிதழ் எதற்கு? உடம்பு சரியில்லாத நாளிலும் வந்ததற்குத்தான் சான்றிதழ் என்றால், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளிடம் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபுளூவைச் சாதாரணச் சளி என்று நினைத்துக்கொண்டு பேசினால் நான் சொல்வது மிகையாகத்தான் தெரியும். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 30 முதல் 50 லட்சம் பேருக்கு இந்த நோய் கடுமையாகிறது என்றும், மூச்சு தொடர்பான சிக்கல்களால் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆனால் நோயை வாங்குவதிலும் பரப்புவதிலும் முதலிடம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஓராண்டில் பெரியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு ஃபுளூ வருகிறது என்றால், குழந்தைகளில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. முந்தைய ஆண்டுகளின் கிருமிகளைச் சந்தித்துப் பழகிய எதிர்ப்புச் சக்தி அவர்களுக்குக் குறைவு. தோளோடு தோள் உரச உட்கார்கிறார்கள், ஒரே பென்சிலைக் கடிக்கிறார்கள், இருமும்போது முகத்தைத் திருப்ப மறக்கிறார்கள். வகுப்பறையில் தொடங்கும் தொற்று மாலையில் வீட்டுக்குப் போய், பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து கதை கேட்கிறது.

கிருமி உடலுக்குள் நுழைந்த 1 முதல் 4 நாள்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், நோய் வெளியே தெரியும். அதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளையிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். அந்த ஒரு நாளை உங்களாலும் தடுக்க முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் தொற்று மிகக் கடுமையாக இருப்பது நோய் வெளிப்பட்ட முதல் மூன்று, நான்கு நாள்களில். பெரியவர்கள் ஒரு வாரத்துக்குள் கிருமியை வெளியேற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுவார்கள். சிறுவர்களிடம் அது 10 நாள் வரைகூட நீளலாம். இதில் பள்ளியின் கையில் இருப்பது அந்த முதல் சில நாள்கள்தான். காய்ச்சல் அடிக்கும் அந்த நாள்களில் பிள்ளை வீட்டில் இருக்கிறதா, வகுப்பில் இருக்கிறதா என்பதைக் கிருமி தீர்மானிப்பதில்லை. வருகைப் பதிவேடு தீர்மானிக்கிறது.

எப்படி என்று விளக்குகிறேன். காலையில் பிள்ளையின் உடம்பு சுடுகிறது. அன்று வகுப்புத் தேர்வு இருக்கிறது. தவறவிட்டால் மறுதேர்வு கிடையாது என்று பள்ளி சொல்லியிருக்கிறது. பெற்றோர் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சூடு இறங்குகிறது, முகம் தெளிகிறது, பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறது. பள்ளி வாசலில் நீங்கள் வெப்பமானி வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் அடங்கிவிடும். மதிய இடைவேளை முடிந்து இரண்டாவது பாடவேளையில் பிள்ளை மேசையில் தலை சாய்க்கிறது. மருந்து இறக்கியது சூட்டை மட்டும். அந்த அரை நாளும் கிருமி வகுப்பறைக் காற்றில் கலந்துகொண்டுதான் இருந்தது.

இதற்காகப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. அவர்களில் பலருக்கு வேலையில் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. அந்த நெருக்கடியைப் பள்ளியால் தீர்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் மேல் தேர்வு பயத்தையும், வருகை சதவீதத்தையும், கைநழுவும் சான்றிதழையும் பள்ளியே ஏற்றி வைக்காமல் இருக்கலாம் அல்லவா?

ஜப்பானில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே பள்ளிச் சுகாதார விதிகளின்படி, ஃபுளூ வந்த மாணவர் நோய் தொடங்கிய பிறகு 5 நாள்களும், காய்ச்சல் விட்ட பிறகு 2 நாள்களும் கழியும் வரை பள்ளிக்கு வரக் கூடாது. மழலையர் என்றால் காய்ச்சல் விட்டு 3 நாள்கள். அந்த நாள்கள் விடுப்புக் கணக்கில் சேர்வதே இல்லை. வருகைக் கணக்குக்கான மொத்த நாள்களிலிருந்தே கழித்துவிடுகிறார்கள். ஒரே வகுப்பில் பலருக்கு வந்துவிட்டால் அந்த வகுப்பை மட்டும் சில நாள் மூடிவிடுகிறார்கள். ஒழுங்குக்கும் நேரந்தவறாமைக்கும் பெயர் பெற்ற நாடு அது. பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னதால் அங்கே பள்ளி ஒழுக்கம் சீர்குலைந்துவிடவில்லை.

உங்களால் உடனே நடைமுறைப்படுத்தக்கூடிய எளிய விதி ஒன்று உண்டு. காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால்தான் பிள்ளை திரும்ப வரலாம். ‘மருந்து கொடுக்காமல்’ என்ற பகுதியை விட்டுவிட்டு இந்த விதியைச் சுற்றறிக்கையில் போட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை. இருமல் மட்டும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். பிள்ளை தெம்பாக இருந்து, காய்ச்சலும் இல்லையென்றால், இருமலைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதை, குறைந்தது ஃபுளூ பருவத்திலாவது, நிறுத்துங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபுளூ, ஓய்வும் நீராகாரமும் இருந்தால் வீட்டிலேயே ஒரு வாரத்தில் தணியும். அவர்களை ஒரு தாளுக்காக மருத்துவமனைக் காத்திருப்பு அறைக்கு அனுப்புகிறீர்கள். அங்கே கைக்குழந்தைகள் இருக்கிறார்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அந்தத் தாளில் எழுதித் தருவதும் பெற்றோர் உங்களிடம் சொன்னதைத்தான். பெற்றோரின் கையெழுத்தை நம்புங்கள்.

இனி, ஆசிரியர்கள் அடையாளம் காண வேண்டியவற்றுக்கு வருகிறேன். மருத்துவருக்கு ஒரு பிள்ளை கிடைப்பது பத்து நிமிடம். வகுப்பாசிரியருக்கு நாள் முழுவதும். அந்தப் பிள்ளை வழக்கமாக எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஃபுளூவை முதலில் கண்டுபிடிக்க ஏற்றவர் பெரும்பாலும் அவர்தான்.

சளி மெதுவாக வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், அடுத்த நாள் மூக்கு ஒழுகும், ஆனாலும் பிள்ளை விளையாடும். ஃபுளூ அப்படி இல்லை. சில மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். காலை வழிபாட்டில் ஒழுங்காக நின்ற பிள்ளை மதியத்துக்குள் நடுங்கத் தொடங்குகிறது. உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. 39, 40 என்றும் ஏறலாம். தலைவலி, கை கால் குடைச்சல், வறட்டு இருமல், கண்ணில் ஒரு சோர்வு. ஓயாமல் பேசும் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதுவே பெரிய அறிகுறி. வயிற்றுவலி, வாந்தி, பேதி ஆகியவை பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் வரும். வாந்தி எடுத்தான் என்றதும் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் வகுப்புக்கே திருப்பி அனுப்பும் வழக்கத்தைப் பல பள்ளிகளில் காண்கிறேன்.

பெற்றோரும் ஆசிரியரும் பதறிப்போகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் தணியத் தொடங்கும் வேளையில், ஒரு நாள் காலையில் பிள்ளை கட்டிலிலிருந்து இறங்க மறுக்கும். இரண்டு கெண்டைக்கால்களும் வலிக்கின்றன என்று அழும். நடந்தால் நுனிக்காலில் நடக்கும். ஃபுளூவுக்குப் பின் வரும் தசை அழற்சி இது. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான், அதிலும் பி வகை ஃபுளூவுக்குப் பிறகுதான் அதிகம் பார்க்கிறோம். சிறுமிகளைவிடச் சிறுவர்களிடம் கூடுதல். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே. அப்படிக் குணமாகித் திரும்பும் பிள்ளையை உடற்பயிற்சி ஆசிரியர் மைதானத்தில் ஓடவிடக் கூடாது. நடிக்கிறான் என்று முத்திரை குத்துவதும் கூடாது. இந்த இரண்டும் நடப்பதை என்னிடம் வரும் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. மூச்சு வேகமாக வாங்குகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபடுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் பெற்றோர் வரட்டும் என்று அலுவலக அறையில் உட்கார வைக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழுப்பினால் தெளிவாகப் பதில் சொல்லாத பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, நெஞ்சு வலி என்று சொல்லும் பிள்ளை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காத பிள்ளை, இவர்களும் அப்படியே. எல்லாவற்றிலும் எளிதாகத் தவறவிடப்படும் அறிகுறி வேறொன்று: காய்ச்சல் விட்டு, பிள்ளை தேறிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு, ஓரிரு நாளில் காய்ச்சல் திரும்ப வந்து இருமலும் கூடுவது. வைரஸ் புண்படுத்திய நுரையீரலில் பாக்டீரியா குடியேறி நிமோனியா ஆகியிருக்கலாம். பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் இது நடக்கலாம் என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஆஸ்துமா, சர்க்கரை நோய், இருதயக் கோளாறு, நரம்பு நோய், மிகை உடற்பருமன் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். அவர்களின் பெயர்களை வகுப்பாசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஃபுளூ என்று சந்தேகம் வந்தாலே அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதற்காக மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் ஃபுளூவால் இறக்கும் குழந்தைகளின் விவரங்களை 2004 முதல் பதிவு செய்து வருகிறார்கள்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்கு முன் எந்த நோயும் இருந்ததில்லை.

பள்ளியிலேயே காய்ச்சல் தொடங்கினால் பிள்ளையைக் காற்றோட்டமான தனி இடத்தில் படுக்க வையுங்கள், முகக்கவசம் கொடுங்கள், ஒருவர் அருகில் இருக்கட்டும், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஃபுளூ உள்ள பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேயஸ் நோய் வரலாம். அரிதுதான், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடியது. 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரேய் அதை விவரித்தார். 1980களில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகள் பரவிய பிறகு அந்த நோய் பெருமளவு மறைந்தது. பாராசிட்டமால்கூடப் பிள்ளையின் எடையைப் பொறுத்த அளவு. பெற்றோர் காலையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்காமல் பள்ளி இன்னொரு வேளை கொடுக்கக் கூடாது. மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பெற்றோர் பையில் வைத்து அனுப்பினாலும் கொடுக்காதீர்கள். வைரஸிடம் அதற்கு வேலை இல்லை.

தடுப்பு என்றதும் பள்ளிகள் முதலில் செய்வது கிருமிநாசினி தெளிப்பது. புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். மேசை, கதவுக் கைப்பிடி போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃபுளூ வைரஸ் ஒரு நாள், இரண்டு நாள் வரை இருக்கக்கூடும் என்பது உண்மை. அவற்றைச் சாதாரணச் சோப்புநீரால் துடைத்தாலே போதும். ஆனால் ஃபுளூ பெரிதும் பரவுவது அருகில் இருப்பவரின் இருமல், தும்மல், பேச்சு வழியாக. எனவே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் திரையில் விழுகிறது, சத்தம் வருகிறது என்று மூடி வைக்கும் ஜன்னல்களைத்தான் சொல்கிறேன். குழாயடியில் சோப்பு இருக்கட்டும். 20 நொடி தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சுவரில் எழுதிவிட்டு, 40 பிள்ளைகளுக்கு ஒரு குழாயும் ஐந்து நிமிட இடைவேளையும் கொடுத்தால் எந்தப் பிள்ளை கழுவும்? வாசகத்தை எழுதுமுன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருமும்போது உள்ளங்கையில் இல்லாமல் முழங்கை மடிப்பில் இருமச் சொல்லிக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் யாரும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த பருவத்தின் தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. ஒன்பது வயது நிறையாத பிள்ளை முதல் முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். அதனால் பக்கத்து வகுப்பில் நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, உங்கள் பகுதியில் ஃபுளூ பருவம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். குளிர்நாடுகளில் அது குளிர்காலம். வெப்பநாடுகள் பலவற்றில் மழைக்காலத்தோடு வருகிறது.

போட்டும் வந்ததே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வைரஸோடு நன்கு பொருந்திய ஆண்டுகளில்கூட இந்தத் தடுப்பூசி மருத்துவரிடம் போகும் அளவுக்கான நோயை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசிபோல உறுதியானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போட்டுக்கொண்டவருக்கு வந்தாலும் நோய் கடுமையாவது குறைவு. மற்றவருக்கும் பயன் உண்டு. கனடாவில் கூட்டுவாழ்வு நடத்தும் ஹட்டரைட் சமூகத்தினரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஃபுளூ தடுப்பூசி போட்டார்கள். அந்தக் குடியிருப்புகளில் தடுப்பூசி போடாத மற்றவர்களிடமும் ஃபுளூ ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. பிள்ளைகள் வழியாகத்தான் ஊருக்குள் நோய் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தடுப்பூசியைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. பருவத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு மருத்துவரையோ செவிலியரையோ பேசவிடுங்கள். கேள்வி கேட்க நேரம் கொடுங்கள்.

ஆசிரியர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 39 டிகிரி காய்ச்சலோடு பாடம் நடத்தும் ஆசிரியரைத் தியாகி என்று பாராட்டும் நிர்வாகம், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு எழுதினால் யார் நம்புவார்கள்?

இந்த மடலைப் படித்து முடித்த பிறகு உங்களுக்கு மிகவும் சிரமமாகத் தோன்றப்போவது மறுதேர்வாகத்தான் இருக்கும். இன்னொரு வினாத்தாள் தயாரிக்க வேண்டும், ஆசிரியருக்குக் கூடுதல் வேலை, பொய் சொல்லி விடுப்பு எடுப்பவர்களும் இருப்பார்கள். சிலர் இருப்பார்கள்தான். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: பருவத்துக்கு நான்கு வகுப்புத் தேர்வு வைத்தால், அவற்றில் சிறந்த மூன்றின் மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் ஒன்றைத் தவறவிட்ட பிள்ளைக்கு இழப்பு இல்லை, உங்களுக்கு மறுதேர்வு வேலை இல்லை, பொய் சொல்ல யாருக்கும் காரணமும் இல்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதையும், வருகைச் சான்றிதழை நிறுத்துவதையும், 24 மணி நேர விதியையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். முடிவானதை ஃபுளூ பருவம் தொடங்குமுன் பெற்றோருக்குச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். காய்ச்சல் நாள்கள் வருகைக் கணக்கில் குறைக்கப்படமாட்டா என்ற வரி அதில் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
குழந்தை நல மருத்துவர் ஒருவர்